கழுதைக்குட்டிக்கு வலிக்காதா?

என் அண்ணியின் முன்பற்களில் ஒன்று அவரே செய்துகொண்டது. மற்ற பற்களோடு வரிசையில் நிற்கும்போது எது சொந்தம், எது செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருடைய தொழிலே அதுதான். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அண்ணி அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாக நட்டு முழு செட்டாக்கி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் என் அண்ணியின் தயவில்தான் சிரிக்கிறார்கள். சொந்தப் பல் எப்படிப் போனது என்று கேட்டால் மட்டும் அண்ணி பேச்சை மாற்றிவிடுவார். கூட இருந்தவள் நான். எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அண்ணியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை. நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்தே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது என்று அண்ணன் சொல்வான். அந்த வண்டியில் அண்ணி ஏறினால், அது நின்றுகொண்டிருக்கும்போதே மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். ஏதாவது டாக்டர் போனில் கத்தினால், தப்பு அந்த டாக்டருடையதாகவே இருந்தாலும், இவர் எழுந்து நின்று "சாரி சார்" என்பார். எதிரில் நாய் வந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவார்.

இப்படிப்பட்டவர்தான் சர்ச்சில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வீரக்கதை எழுதினார். வாரம் ஒரு பகுதி. வகுப்பில் படித்துக் காட்டுவார், பிறகு அது சர்ச்சின் பிள்ளைகள் பத்திரிகையில் வரும். விடியாத நாடு ஒன்று. அங்கே கல்வாயன் என்று ஓர் அரக்கன். சாயங்காலமானால் வீடு வீடாகக் கதவைத் தட்டி, "யார் செய்தது?" என்று கேட்பான். யாரோ சிரித்திருப்பார்கள், யாரோ விளக்கு ஏற்றியிருப்பார்கள். அவன் நாட்டில் இரண்டுமே குற்றம். ஜனங்கள் பயந்து ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பார்கள். அப்போது ஒரு காது மடங்கிய கழுதைக்குட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, "நான்தான்!" என்று சொல்லும். கல்வாயன் தன் கல் கையால் ஓங்கி ஒரு அடி. குட்டி சுருண்டு விழும். விடிகிற நேரத்தில், கண்ணுக்குத் தெரியாத அந்த நாட்டு ராஜா நடந்து வந்து, மடங்கிய காதில் மெல்ல ஊதுவார். குட்டி ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து, உடம்பை உதறிக்கொண்டு கத்தும்.

"என்ன அண்ணி இது, கழுதை?" என்று கேட்டேன்.

"சிலுவைக் கதைதான். பிள்ளைங்களுக்குப் புரியுற மாதிரி எழுதியிருக்கேன்."

"பைபிள்ல கழுதை இயேசுவைச் சுமந்துட்டு வர்றதோட சரி. நீங்க அதை ஹீரோவாவே ஆக்கிட்டீங்க. அப்படியே லைசென்சும் எடுத்துக் குடுத்துடுங்க, நான் ஓட்டக் கத்துக்குடுக்கறேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கிண்டல் செய்தேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிப்போக வந்தால் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு வரி விடாமல் கேட்பேன். கல்வாயன் கதவைத் தட்டும் இடம் வந்ததும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து "நான்தான்!" என்று போடும் சத்தத்தில் ஓடு பெயர்ந்து விழாதது அதிசயம். வசனம் ஒப்பித்த பிள்ளைக்கு அண்ணி ஒரு கழுதைக்குட்டி கொடுப்பார். பல் செட்டுக்கு வெட்டி மிச்சமான மெழுகில் செய்தது, விரல் நீளம், ஈறு நிறம். ஊரிலேயே ஈறு நிறக் கழுதை அந்தப் பிள்ளைகளிடம் மட்டும்தான் இருந்தது.

அந்த "நான்தான்" பிள்ளைகளிடம் தொற்றிக்கொண்டது. ஒருநாள் சர்ச் பூச்சாடி உடைந்து கிடந்தது. பாஸ்டர் வந்து யார் என்று கேட்டார். மொத்த வகுப்பும் "நான்தான்" என்றது. அதில் ஒருத்தி அப்போதுதான் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்தப் பிள்ளைகள் தியாகம் கற்றுக்கொண்டார்கள்" என்று ஆராதனையிலேயே சொன்னார். அண்ணியின் காது மடல் சிவந்துபோனது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

வகுப்பில் குருவி என்று ஒரு பெண் இருந்தாள். ஒல்லி, கீச்சுக்குரல், எல்லாரையும்விட முதலில் வந்து முன்வரிசையில் உட்காருவாள். அவள் அப்பா சர்ச் வாசலில் பாட்டுப்புத்தகம் கொடுக்கிறவர். ஒவ்வொரு புத்தகத்தின் அட்டையையும் கைக்குட்டையால் துடைத்து, அன்றைய பாட்டின் பக்கத்தையும் சொல்லித்தான் கையில் தருவார். என்னைப் போல வாசலோடு நிற்கிறவளுக்குக்கூட "உள்ள வாங்க தங்கச்சி, வெயில்ல நிக்காதீங்க" என்று நாற்காலி போடுவார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வந்து நிற்கும் கார் அவருடையது. அவர் மனைவி அதிகம் பேசமாட்டார். கூட்டம் கலைவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுவார். நல்ல குடும்பம் என்றால் சர்ச்சில் எல்லோரும் அந்த வீட்டைத்தான் காட்டுவார்கள்.

அன்று வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். குருவி மட்டும் போகாமல் நின்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். அண்ணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க, வாயைத் திற" என்றார். தொழில் புத்தி. மேல் வரிசையில் ஒரு பல் குறுக்காக உடைந்திருந்தது.

"இது விழுந்து முளைச்ச பல்லாச்சே. எங்கம்மா விழுந்த?"

"விழல டீச்சர்." குருவி சிரித்தாள். முதல் மார்க் வாங்கியவள் மாதிரி ஒரு சிரிப்பு. "கல்வாயன்."

"யாரு?"

"அப்பா."

என் கையிலிருந்த சாவி சுழலாமல் நின்றது.

"நேத்து கார் சாவியைக் காணோம். யாரு எடுத்ததுன்னு அப்பா கேட்டார். அம்மாதான் எடுத்து வெச்சாங்க. அம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள நான் முந்திக்கிட்டு நான்தான்னு சொல்லிட்டேன். இப்பெல்லாம் எப்பவும் நான்தான் டீச்சர் முந்தறேன். அம்மாவுக்கு இப்ப அடியே விழறதில்ல."

அவள் பையிலிருந்து மெழுகுக் கழுதைக்குட்டியை எடுத்துக் காட்டினாள். அதற்கு உருவமே இல்லை. இறுக்கிப் பிடித்துப் பிடித்து, நான்கு காலும் ஒன்றாகி, உடம்பெல்லாம் சின்ன விரல் தடமாகக் கிடந்தது.

"ஆனா டீச்சர், ஒண்ணு கேக்கணும். காலையில எந்திரிச்சா கழுதைக்குட்டிக்கு வலிக்காதா? எனக்கு வலிக்குது. ஜெபம் பண்ணிட்டுத்தான் படுக்கறேன். எனக்கு விசுவாசம் பத்தலையா?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி அவளருகே குனிந்தார். அதற்குள் கதவருகில் அந்தக் குரல் கேட்டது. "போலாமா கண்ணு? டீச்சரைத் தொந்தரவு பண்றியா?" பாட்டுப்புத்தகக்காரர் கை நீட்டினார். குருவி கழுதைக்குட்டியைச் சட்டென்று பையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அண்ணிக்கு ஒரு கும்பிடு போட்டார், ஜன்னல் பக்கம் திரும்பி எனக்கும் ஒன்று. கார் கிளம்பிப் போனது. வாய் கிழியப் பேசுகிறவள் நான். நானும் மரம் மாதிரி நின்றிருந்தேன்.

"கையைப் பிடிச்சு நிறுத்தக்கூட இல்லையே" என்றார் அண்ணி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாஸ்டரிடம் ஓடினோம். கேட்டதும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேயறைந்த முகம். "அவரா? நம்ம பாட்டுப்புத்தகம் குடுக்கறவரா? இருக்காதும்மா. பிள்ளை கதையோட கதையா ஏதாவது..." என்று ஆரம்பித்தவர், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, "வர்ற வாரம் அவரைத் தனியாக் கூப்பிட்டுப் பக்குவமாப் பேசறேன்" என்றார்.

அண்ணி குரலை உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. "வர்ற வாரம் வரைக்கும் அந்த வீட்டுல யாரு நான்தான்னு சொல்றது, பாஸ்டர்?"

அவர் மேஜை மேலிருந்த போனை அண்ணி பக்கம் தள்ளினார். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஆள் அனுப்பறோம். இன்னிக்கு லீவு நாள், கொஞ்சம் நேரமாகலாம். நீங்க அங்க போக வேண்டாம்" என்றார். அண்ணி பழக்கதோஷத்தில் "சரி மேடம், சாரி மேடம்" என்று சொல்லி வைத்தார்.

வண்டியில் வந்து உட்கார்ந்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்மேல் காட்டினேன். "எல்லாம் உங்க கழுதை பண்ண வேலை அண்ணி! அடி வாங்கறது பெரிய வீரம்னு சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்களே!"

அவர் கோபப்படவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் வெள்ளைப் பிளாஸ்டர்.

"புதுசா வேலைக்குச் சேர்ந்தப்ப ஒரு தடவை மேல்தாடையைக் கீழயும் கீழ்த்தாடையை மேலயும் மாட்டிட்டேன். ஒவ்வொரு பல்லும் அழகா இருந்துச்சு. வாயிலதான் போட முடியல." நகத்தைச் சுரண்டினார். "இதையும் அப்படித்தான் மாட்டியிருக்கேன். பெரியவர்தான் சின்னவங்களுக்காக இறங்கி வந்தார். அதுதானே சிலுவைக் கதை? நான் சின்னதை முன்னால அனுப்பிட்டு, ராஜாவை விடிஞ்சப்புறம் வரவெச்சிருக்கேன். அடி விழும்போது அவர் எங்க போனார்னு ஒரு வரிகூட எழுதல."

கையை மடியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வண்டியை எடு" என்றார்.

"அந்தம்மா போக வேண்டாம்னு சொன்னாங்களே?"

"இன்னிக்கு வேற எதையாவது காணோம்பார். யாருன்னு மறுபடியும் கேப்பார்."

கைப்பிடியைப் பிடிக்காமல் அண்ணி என் வண்டியில் உட்கார்ந்து வந்தது அன்றைக்குத்தான்.

சுத்தமான தெரு. சுத்தமான வீடு. வாசலில் பூந்தொட்டிகள் உயரவாரியாக நின்றன. "எஞ்சினை நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு அண்ணி இறங்கினார். நான் கேட் எதிரில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. "வாங்க வாங்க டீச்சர்! என்ன அதிசயம்!" என்று முகமெல்லாம் சிரிப்பு. அவருக்குப் பின்னால் கூடத்தில் மனைவி சுவரை ஒட்டி நின்றார். குருவி இன்னும் சர்ச் உடையிலேயே இருந்தாள்.

அண்ணி வாசல்படியைத் தாண்டவில்லை. "குருவியையும் அவங்கம்மாவையும் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. பிள்ளைக்குப் பல் உடைஞ்சிருக்கு."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மெல்லத் திரும்பி, பாட்டின் பக்கம் சொல்லுகிற அதே மெத்தென்ற குரலில் வீட்டுக்குள் பார்த்துக் கேட்டார்.

"யாரு வெளியில சொன்னது?"

கல்வாயன் கூரை அதிரக் கேட்பான் என்று எழுதியிருந்தார் அண்ணி. நிஜத்தில் இப்படித்தான் கேட்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த அம்மாவின் உதடு அசைந்தது. அதற்குள் குருவி ஓரடி முன்னால் வைத்துவிட்டாள். முகத்தில் பயமில்லை, பழகியிருந்தது. வாயைத் திறந்தாள்.

"நான்தான்" என்றார் அண்ணி.

படியைத் தாண்டி உள்ளே போய்க் குருவிக்கு முன்னால் நின்றுகொண்டார். "பாஸ்டர்கிட்ட சொன்னது நான்தான். ஆபீசுக்குப் போன் பண்ணதும் நான்தான். என்னைக் கேளுங்க."

அந்த அடியின் சத்தம் தெருவுக்குக் கேட்டது. அண்ணியின் கண்ணாடி பூந்தொட்டி வரைக்கும் வந்து விழுந்தது. கைக்குட்டையால் புத்தக அட்டை துடைக்கிற கை அது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே பிறகுதான் புரிந்தது. இறங்கி ஓடவில்லை. ஹாரனில் கையை வைத்து அழுத்தியவள் எடுக்கவே இல்லை. மாணவர்களிடம் சும்மா ஹாரன் அடிக்காதே என்று தொண்டை கிழியக் கத்துகிறவள், அன்று வண்டியின் மொத்த பேட்டரியும் தீர்ந்தாலும் தீரட்டும் என்று அழுத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து மாடியில் ஆட்கள் வந்தார்கள். தெருவே வெளியில் வந்து நின்று அந்த வாசலைப் பார்த்தது. ஓங்கிய இரண்டாவது அடி பாதியில் நின்றது. பாட்டுப்புத்தகக்காரர் கையை இறக்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை.

அண்ணி நகரவே இல்லை. வாயிலிருந்து ரத்தம் தாடையில் வழிய, இரண்டு கையையும் பின்னால் விட்டுக் குருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாயைக் கண்டால் அடுத்த தெருவுக்கு ஓடுகிற என் அண்ணி.

அலுவலகத்து ஆட்கள் போலீசோடு வந்து பாட்டுப்புத்தகக்காரரைப் பிடித்து நிறுத்தியபோதும் நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு பெண் போலீஸ்தான் கண்ணாடி வழியாகக் கை விட்டு என் கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் மூச்சிரைக்க நடந்தே வந்து சேர்ந்தார். அவர் யாருக்கும் பக்குவமாக எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா மகளின் ஷூவை மறக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் காலில் செருப்பு இல்லை. "நான் சொல்றதுக்குள்ள இவ சொல்லிடுவா" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்கவே இல்லை. அதுவரை அவர்மேலும் கோபமாக இருந்தேன். அதைக் கேட்டபின் அந்தக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலேயே எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போலீஸ் வண்டிக்குப் பின்னால் போனேன். அம்மாவும் பெண்ணும் பின்னால். அண்ணி முன்னால், துணியை வாயில் அழுத்திக்கொண்டு. விழுந்த பல் அவர் உள்ளங்கையில் இருந்தது. அதை எதற்கு எடுத்துவந்தார் என்று கேட்டேன். "நிறம் பாக்கணும்ல" என்றார் துணிக்குள்ளிருந்து. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பாதி வழியில் பின்னாலிருந்து குருவி கேட்டாள். "டீச்சர், காலையில உங்களுக்குச் சரியாயிடுமா?"

அண்ணி துணியை எடுத்துவிட்டுத் திரும்பினார். உதடு வீங்கிப் பேச்சு குழறியது.

"ஆகாது கண்ணு. ரொம்ப நாள் வலிக்கும்."

"ராஜா வந்து ஊதினாக்கூடவா?"

"ஊதினாக்கூட. இப்பவே ரொம்ப வலிக்குது."

கண்ணாடியில் குருவியின் முகம் தெரிந்தது. உடைந்த பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப உங்களுக்கும் விசுவாசம் பத்தலையா?"

"இருக்கு. விசுவாசமும் இருக்கு, வலியும் இருக்கு. கழுதைக்குட்டிக்கும் வலிச்சுது, கண்ணு. தினமும் வலிச்சுது. அதை எழுதாம விட்டது நான்தான்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். "அதோட, அது குட்டி செய்யுற வேலையே இல்ல. பெரியவங்கதான் முன்னால வந்து நிக்கணும். குட்டி பின்னாலதான் நிக்கணும். இனிமே யாரு கேட்டாலும் நீ சொல்லாத."

குருவி உடைந்த பல்லிலிருந்து நாக்கை எடுத்தாள். பிறகு, "வலிக்குதும்மா" என்றாள், தன் அம்மாவிடம். அதுவரை அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழ ஆரம்பித்தாள். அடிபட்ட சின்னப் பிள்ளை அழுவது போல, வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு, மூச்சு முட்ட அழுதாள். நான் வண்டியை ஓரம் கட்டினேன்.